தீயை விசிறும் பேனா

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பது பழமொழி.

கூத்தாடிகளே இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம்? பத்திரிகைகளுக்குத்தான்!

இரண்டு பாடகர்கள் கைகுலுக்கிக் கொண்டார்கள் என்ற செய்தியை யாரும் தேடிப் படிப்பதில்லை. இரண்டு பாடகர்கள் அடித்துக் கொண்டார்கள் என்றால் கடை திறக்கும் முன்பே ஆள் வந்து நிற்கிறது. பத்திரிகை நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது.

அப்படியானால், சண்டையைப் பற்றி எழுதலாமா, கூடாதா? எழுதியதால் சண்டை முற்றினால், அந்தப் பாவத்தில் பத்திரிகைக்குப் பங்கு உண்டா, இல்லையா?

அமெரிக்காவில் "ஹிப் ஹாப்" என்ற இசையைப் பற்றி எழுதியவர்களை இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலுக்கி வருகிறது. அங்கே இது வெறும் வாதம் அல்ல. உயிர்ப் பிரச்சினை. இரண்டு பாடகர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேட்டி எடுத்த ஒரு பெண் தாக்கப்பட்டார். ஒரு பெரிய தினசரி ஊரறிய மன்னிப்புக் கேட்டது.

நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏழைகளின் பாட்டு

நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்று ஒரு பகுதி. ஏழைகள் நிறைந்த இடம். 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. நடத்தியவர் சின்டி கேம்பல் என்ற பெண். இசைத்தட்டுகளைச் சுழல விட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். "கூல் ஹெர்க்" என்பது அவருடைய பட்டப் பெயர். ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள்.

ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக் கொண்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார், கூல் ஹெர்க். அவர் கொண்டு வந்த புதுமை அது. அந்தத் தாளத்துக்கு ஏற்ப, எதுகையோடு மளமளவென்று பேசும் வழக்கம் வளர்ந்தது. அதற்குப் பெயர்தான் "ராப்".

ராப் பாடுகிறவர் தம் பெருமையைத் தாமே பேசுவார். எதிராளியை மட்டம் தட்டுவார். எதிராளியும் சும்மா இருக்க மாட்டார், பதிலுக்குப் பாடுவார். கேட்பவர்கள் கைதட்டி ரசிப்பார்கள். அது ஒரு விளையாட்டு. அதில் அடிபடுவது மானம்தான்; மண்டை அல்ல.

பாட்டில் பெயர் சொல்லாமல் ஒருவரை ஏசலாம். ஆனால் நிருபர் நோட்டுப் புத்தகத்தோடு போய், "யாரைச் சொன்னீர்கள்?" என்று கேட்கிறார். கேட்பது அவர் வேலை. பாடகர் பெயரைச் சொல்லி விடுகிறார். அது அச்சில் வருகிறது.

பாட்டில் விளையாட்டாக இருந்தது, அச்சில் குற்றச்சாட்டாக மாறி விடுகிறது! சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒட்டுப் போட்ட பேட்டி

1990-ம் ஆண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் "பம்ப் இட் அப்" என்று ஒரு ராப் நிகழ்ச்சி வந்து கொண்டிருந்தது. நடத்தியவர் டீ பார்ன்ஸ் என்ற இளம்பெண்.

அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் "என்.டபிள்யூ.ஏ." என்ற குழு கொடிகட்டிப் பறந்தது. அதில் முக்கியமானவரான ஐஸ் கியூப், பணத் தகராறில் குழுவை விட்டு விலகி இருந்தார். இரு தரப்புக்கும் ஆகாது.

பார்ன்ஸ் அந்தக் குழுவினரைப் பேட்டி கண்டார். குழுவை ஐஸ் கியூப் கிண்டல் செய்து பேசிய ஒரு துண்டுப் படமும் இருந்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒன்றாக ஒட்டி ஒளிபரப்பினார்கள். "வேண்டாம், வினை வரும்" என்று தாம் எச்சரித்ததாகவும், அவர்கள் கேட்கவில்லை என்றும் பார்ன்ஸ் சொல்லி இருக்கிறார்.

வினை வந்தது. 1991-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ஹாலிவுட்டில் ஓர் இசை விருந்து. அங்கே குழுவைச் சேர்ந்த டாக்டர் டிரே, பார்ன்சைப் பலர் முன்னிலையில் தாக்கினார். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. டிரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அவருக்கு அபராதமும், 240 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன.

வெட்டி ஒட்டியவர்கள் தயாரிப்பாளர்கள். விறுவிறுப்பு கிடைத்தது நிகழ்ச்சிக்கு. அடி விழுந்தது யாருக்கு? தடுக்கப் பார்த்த பெண்ணுக்கு!

கதை அதோடு முடியவில்லை. 1992-ல் டிரேயின் "தி குரோனிக்" இசைத்தட்டு வந்தது. லட்சக் கணக்கில் விற்றது. பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின. பார்ன்சைத் தேடிப் போனவர்கள் குறைவு. அந்தத் துறையில் தமக்கு வேலை கிடைக்காமல் போய்விட்டது என்று அவரே பின்னர் எழுதினார்.

2015-ல் அந்தக் குழுவின் வரலாறு "ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்" என்று திரைப்படமாக வந்தது. தாக்குதல் காட்சி படத்தில் இல்லை. அந்தப் படத்தின் டைரக்டர் எப்.கேரி கிரேதான் அன்றைய பேட்டிக்கு காமிரா பிடித்தவர் என்று பார்ன்ஸ் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்தப் பேச்சு எழுந்த பிறகே, தாம் துன்புறுத்திய பெண்களிடம் மன்னிப்புக் கேட்பதாக டிரே "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை மூலம் அறிவித்தார்.

24 ஆண்டுகள்! இத்தனை காலம் அவரிடம் எத்தனையோ நிருபர்கள் பேசினார்கள். இதை அழுத்திக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்டால் அடுத்த பேட்டி கிடைக்காது என்ற பயம். எழுதித்தான் கெடுக்க வேண்டும் என்பது இல்லை. எழுதாமலும் கெடுக்கலாம்.

நாலு மாதம் தாமதம்

அடுத்த கதை இன்னும் பெரியது.

நியூயார்க்கில் பிக்கி ஸ்மால்ஸ் என்ற பாடகர். மேற்குக் கரையில் புகழ் பெற்றவர் டூபாக் ஷகூர். இருவரும் முதலில் நண்பர்கள்.

1994-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, நியூயார்க்கில் "குவாட்" என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்கு டூபாக் போனார். வாசல் கூடத்தில் துப்பாக்கிக்காரர்கள் அவரைச் சுட்டு நகைகளைப் பறித்துச் சென்றார்கள். டூபாக் உயிர் தப்பினார். அந்த நேரத்தில் மாடியில் பிக்கியும், அவருடைய இசைத்தட்டுக் கம்பெனி அதிபர் சீன் கோம்ப்சும் இருந்தார்கள்.

பிறகு வேறொரு வழக்கில் டூபாக் சிறைக்குப் போனார். 1995-ம் ஆண்டு ஜனவரியில் "வைப்" பத்திரிகையின் நிருபர் கெவின் பவல் அவரைச் சிறையிலேயே சந்தித்துப் பேட்டி கண்டார். பேட்டி ஏப்ரல் இதழில் வெளிவந்தது. அன்றைய தாக்குதல் பற்றி பிக்கிக்கும் கோம்ப்சுக்கும் தெரிந்திருக்கும் என்ற சந்தேகம் அதில் தொனித்தது.

அவர்கள் இருவரும் அதை மறுத்தார்கள். அந்த மறுப்பு "வைப்" பத்திரிகையில் எப்போது வந்தது? ஆகஸ்டு இதழில்!

ஏப்ரல் எங்கே, ஆகஸ்டு எங்கே? நாலு மாதம். ஒரு மனிதன் மேல் கொலைப் பழி போன்ற ஒன்றைத் தூக்கிப் போட்டு விட்டு, அவன் பதிலுக்கு நாலு மாதம் காத்திருக்கச் செய்தால் என்ன ஆகும்? படித்தவர்கள் அதற்குள் கட்சி பிரிந்து விடுவார்கள். பதில் வந்தாலும் அது பதிலாகப் படாது. அடுத்த அடியாகத்தான் படும்.

டூபாக்கின் பேட்டியைப் போட்டிருக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. குண்டடி பட்டவர் அவர். தம் மனதில் உள்ளதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு எழுதியது நிருபரின் கடமை. ஆனால் அதே இதழில், அதே பக்கத்தில், பழி சுமத்தப்பட்டவரின் வாக்கும் இருந்திருக்க வேண்டும். செய்திக்கும் வதந்திக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

அதன் பிறகு சண்டை கொழுந்து விட்டது. கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். 1996-ம் ஆண்டு பிப்ரவரி இதழின் அட்டையில் டூபாக்கும் அவர் கம்பெனியாரும். செப்டம்பர் இதழின் அட்டையில் பிக்கியும் கோம்ப்சும். கிழக்குக்கும் மேற்குக்கும் மோதல் என்று அட்டையிலேயே தலைப்பு. இரு பக்கத்து ரசிகர்களும் வாங்கினார்கள்.

அதே 1996 செப்டம்பர் 7-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில் டூபாக் காரில் போகும்போது சுடப்பட்டார். 13-ந் தேதி இறந்தார். வயது 25.

1997-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விருந்து முடிந்து திரும்பிய பிக்கி, காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24. அந்த விருந்தை நடத்தியவர்களில் "வைப்" பத்திரிகையும் ஒன்று.

"வைப்"தான் இவர்களைக் கொன்றது என்று சொன்னால் அநியாயம். பத்திரிகை துப்பாக்கி எடுக்கவில்லை. பண விரோதம், ரவுடிக் கும்பல்களின் பகை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. டூபாக் கொலை வழக்கில் ஒருவரைப் போலீசார் கைது செய்ததே 2023 செப்டம்பரில்தான். அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். பிக்கி கொலையில் பல ஆண்டுகள் கடந்தும் யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தீ வைத்தவர் வேறு. விசிறியவர் வேறு. விசிறியவர், "நான் வெறும் காற்றைத்தான் அனுப்பினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

வேலியே பயிரை மேய்ந்தால்

"தி சோர்ஸ்" என்பது இன்னொரு பத்திரிகை. 1988-ல் ஹார்வர்டு பல்கலைக் கழக மாணவர்கள் இருவர் ஒற்றைத் தாளாகத் தொடங்கியது. பிறகு ஹிப் ஹாப் ரசிகர்களின் வேதமாகவே ஆயிற்று. புது இசைத்தட்டு வந்தால் அது "மைக்" அடையாளம் போட்டு மதிப்பெண் கொடுக்கும். ஐந்து மைக் வாங்கினால் பாடகருக்குப் பெரிய கௌரவம். 1994-ல் நாஸ் என்ற இளைஞரின் முதல் இசைத்தட்டு ஐந்து மைக் வாங்கியதை இன்றும் பேசுகிறார்கள்.

அதே 1994-ல் ஒரு பூகம்பம்! பத்திரிகை அதிபர் டேவிட் மேஸ் ஒரு ராப் குழுவுக்கு வேண்டியவர். அந்தக் குழுவைப் பற்றி எழுத ஆசிரியர்கள் மறுத்து விட்டார்கள். அதிபர் என்ன செய்தார் தெரியுமா? ஆசிரியர்களுக்குத் தெரியாமலே, அந்தக் குழுவைப் பற்றிய மூன்று பக்கக் கட்டுரையை இதழில் நுழைத்து விட்டார்.

இதழைப் பார்த்த ஆசிரியர்கள் கொதித்து எழுந்தார்கள். பலர் வேலையை உதறி விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர், அதிபரோடு சேர்ந்து பத்திரிகையைத் தொடங்கிய நண்பரே!

மூன்று பக்கத்துக்காக வேலையை விடுவதா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அவர்கள் விட்டது மூன்று பக்கத்துக்காக அல்ல. மதிப்பெண் போடுகிற வாத்தியார் தம் சொந்தக்காரப் பையனுக்குத் தாமே மதிப்பெண் போட்டுக் கொண்டால், மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு?

மிரட்டல் வந்தால்

எல்லாத் தவறும் பத்திரிகைக்காரர்கள் மேல்தான் என்று எண்ண வேண்டாம். அவர்கள் பட்ட பாடும் கொஞ்சம் அல்ல.

1997-ல் "வைப்" பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் டேனியல் ஸ்மித் என்ற பெண்மணி. கோம்ப்ஸ் படத்தோடு ஓர் அட்டை தயாராயிற்று. வெளிவரும் முன்பே அட்டையைக் காட்ட வேண்டும் என்று கோம்ப்ஸ் கேட்டார். முன்கூட்டிக் காட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று ஸ்மித் மறுத்தார். "காரின் பின்பெட்டியில் பிணமாகக் கிடப்பாய்" என்ற பொருளில் கோம்ப்ஸ் மிரட்டியதாக, 2024-ல் எழுதிய கட்டுரையில் ஸ்மித் கூறினார். வக்கீலைக் கொண்டு பேசிய பிறகு மன்னிப்பு வந்ததாம்.

அட்டையைக் காட்டினால்தான் என்ன என்று தோன்றும். இன்று அட்டையைக் காட்டினால் நாளை கட்டுரையைக் காட்டச் சொல்வார்கள். மறுநாள் கட்டுரையை அவர்களே எழுதித் தருவார்கள்! அந்த வாசல்படியில் நின்று "முடியாது" என்று சொல்ல உயிரைக் கொடுக்கும் துணிவு வேண்டியிருந்தது.

தீர விசாரிப்பதே மெய்

"ரசிகர் பத்திரிகைகள் அப்படித்தான், பெரிய தினசரிகள் இப்படி ஏமாறுமா?" என்று கேட்பீர்கள். ஏமாறின.

"லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்" அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் ஒன்று. அதன் நிருபர் சக் பிலிப்ஸ், 1999-ல் மற்றொருவரோடு சேர்ந்து புலிட்சர் பரிசு வாங்கியவர். கற்றுக்குட்டி அல்ல.

2008-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1994-ல் டூபாக் சுடப்பட்டதில் யார் யாருக்குப் பங்கு என்று அது பெயர்களைச் சொல்லியது. ஆதாரம், அமெரிக்கப் புலனாய்வுப் போலீசாரின் அறிக்கைகள் என்றது.

ஒன்பதே நாளில் குட்டு உடைந்தது! "தி ஸ்மோக்கிங் கன்" என்ற செய்தி நிறுவனம் அந்தத் தாள்களை ஆராய்ந்தது. அவை டைப்ரைட்டரில் அடித்தவை போல இருந்தன. புலனாய்வுப் போலீசாரோ எப்போதோ கம்ப்யூட்டருக்கு மாறி விட்டவர்கள். தாள்களில் இருந்த எழுத்துப் பிழைகள், சிறையில் இருந்த ஒரு மோசடிப் பேர்வழி கோர்ட்டில் கொடுத்த மனுக்களிலும் இருந்தன! தாள்கள் போலி.

நிருபரும் அவருடைய ஆசிரியரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஏப்ரலில் பத்திரிகை அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றுக் கொண்டது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். ஒரு கொலைக் கதைக்கு முடிவு காண வேண்டும் என்ற ஆசை, பரிசு பெற்ற கண்ணையும் மறைத்து விட்டது.

பத்திரிகையே வேண்டாமா?

இவ்வளவு தொல்லை என்றால் இப்படிப்பட்ட பத்திரிகைகளே வேண்டாம் என்று சொல்லி விடலாமா? கூடாது.

அவை வருமுன் பிராங்ஸ் போன்ற இடத்து இளைஞர்கள் பெரிய பத்திரிகைகளில் எந்தப் பக்கத்தில் வந்தார்கள்? பெரும்பாலும் குற்றச் செய்திப் பக்கத்தில். அவர்களுடைய பாட்டை இசை என்று மதித்து, வரி வரியாக ஆராய்ந்து எழுதியவை இந்தப் பத்திரிகைகள்தான். தம் தெருவைப் பற்றித் தாமே எழுதலாம் என்ற துணிவு எத்தனையோ இளைஞர்களுக்கு அதனால் வந்தது.

தம் தெரு என்பதால்தான் தர்மசங்கடமும் வந்தது. பாடுகிறவர் நிருபரின் நண்பர். விளம்பரம் கொடுப்பது இசைத்தட்டுக் கம்பெனி. உண்மையைச் சொன்னால் நட்பு போகும், விளம்பரம் போகும். சொல்லாவிட்டால் மானம் போகும்.

இன்றைய சண்டை

காலம் மாறி விட்டது. இன்று கைபேசியில் நொடிக்கு நொடி செய்தி வருகிறது. சண்டை மட்டும் மாறவில்லை.

2024-ல் கென்ட்ரிக் லாமர் என்ற அமெரிக்கப் பாடகரும், டிரேக் என்ற கனடா நாட்டுப் பாடகரும் பாட்டாலேயே மோதிக் கொண்டார்கள். பாட்டில் ஒருவர் மீது ஒருவர் கேவலமான குற்றங்களைச் சுமத்தினார்கள். டிரேக், பாட்டை வெளியிட்ட கம்பெனி மீது 2025 ஜனவரியில் அவதூறு வழக்குப் போட்டார். அக்டோபரில் நியூயார்க் கோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. ராப் சண்டையில் பாடுவதை உண்மைச் செய்தி என்று விவரமுள்ள யாரும் எடுத்துக் கொள்ள மாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம். டிரேக் அப்பீல் செய்தார்.

இந்தத் தீர்ப்பில் நிருபர்களுக்கு ஒரு பாடம் உண்டு. பாட்டில் பாடியது சாட்சியம் அல்ல. பாடகருக்கு மிகைப்படுத்த உரிமை உண்டு; அந்த உரிமை நிருபருக்குக் கிடையாது. பாட்டின் வரியை எடுத்துச் செய்தித் தலைப்பாகப் போட்டு விட்டு, "அவர்தானே சொன்னார்" என்று கையைக் கழுவக் கூடாது.

மூன்று கேள்விகள்

சண்டையைப் பற்றி எழுத உட்காரும் எவரும் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டும்.

இது உண்மை என்று நான் தீர விசாரித்தேனா?

பழி சுமத்தப்பட்டவரின் பதில் இதே இதழில், இதே அளவு எழுத்தில் இருக்கிறதா?

இதை எழுதுவதால் எனக்கோ என் முதலாளிக்கோ லாபம் என்றால், அதை வாசகருக்குச் சொன்னேனா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால் தயங்காமல் எழுதலாம். மிரட்டினாலும் எழுதலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ஒரு நாள் பொறுக்கலாம். ஒரு நாள் பொறுத்தால் விற்பனை குறையும். பொறுக்காவிட்டால் யாரோ ஒரு தாய் மகனை இழக்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சண்டைத் தலைப்பைக் கண்டதும் கை பரபரக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறோம். கைபேசியில் தட்டிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். விசிறுகிற கை பத்திரிகையின் கையாக இருக்கலாம். விசிறி வாங்கிக் கொடுப்பது நாம்தான்.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், "மற்றவர் என்ன சொன்னார்?" என்று தேடிப் பாருங்கள். அது அங்கே இல்லை என்றால், அது இன்னும் செய்தி ஆகவில்லை என்று பொருள்.